பெல்ட் கட்டுகிற கை யாருடையது?

பழைய கார் வைத்திருப்பவர்கள் நான்கு பேர் கூடினால் இந்தக் கேள்வி வராமல் போகாது. டெல்லிப் பக்கம் ஒரு கண்காட்சிக்கு வண்டியை அனுப்ப வேண்டும். அல்லது அகமதாபாத்தில் வாங்கிய வண்டியை ஊருக்குக் கொண்டுவர வேண்டும். யாரிடம் கொடுப்பது? பதிலும் எப்போதும் ஒன்றுதான்: "பேர் சொன்னா தெரியற கம்பெனியாப் பாத்துக் குடுத்துடுங்க சார். மூடின கன்டெய்னர்ல போகும். இன்சூரன்ஸ் அவங்களே போட்டுடுவாங்க. பணம் கொஞ்சம் கூட ஆனாலும் நிம்மதி."

சொல்பவர்கள் அனுபவசாலிகள், அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் இந்த அறிவுரை தவறு. பெயர், கன்டெய்னர், இன்சூரன்ஸ், கூடுதல் பணம் என்று அது அடுக்குகிற நான்கில் ஒன்றுகூட உங்கள் காரைத் தொடுவதில்லை. தொடுகிறவர்கள் மூன்று பேர்: வண்டியை ஏற்றி இறக்குகிறவர், பெல்ட் போட்டுக் கட்டுகிறவர், லாரியை ஓட்டுகிறவர். பல நேரம் மூவரும் ஒரே ஆள். அந்த ஆள் யார், அவருக்கு என்ன தெரியும் என்று கேட்காமல் சாவியைக் கொடுப்பதற்குப் பெயர் நம்பிக்கை அல்ல. நான் மறுக்க விரும்புவது இந்தப் பழக்கத்தைத்தான்.

பெரிய நிறுவனங்களுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தயாராகும் கார்கள் நாள்தோறும் வடக்கே போகின்றன. பெரும்பாலும் கீறலில்லாமல் போய்ச் சேருகின்றன. அந்தத் திறமை எதைச் சார்ந்தது என்று பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி வண்டிகள். சாவியைத் திருகினால் கிளம்பும். பிரேக்கை மிதித்தால் நிற்கும். பெல்ட்டை எங்கே மாட்டுவது என்பதைக் கார் கம்பெனியே சொல்லிக் கொடுத்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கதவில் நசுங்கல் விழுந்தால் கேள்வி கேட்கக் கார் கம்பெனி நிற்கிறது. ஒப்பந்தம் கைவிட்டுப் போய்விடுமோ என்கிற பயம் டிரான்ஸ்போர்ட் முதலாளியிலிருந்து லோடிங் பையன் வரை எட்டியிருக்கிறது. உங்கள் பின்னால் அப்படி யாரும் இல்லை. நீங்கள் வாழ்நாளில் ஓரிரு முறை வரும் வாடிக்கையாளர். புதுக் கார்களைச் சேதமில்லாமல் கொண்டுபோன பேரை வைத்து 1965-ஆம் வருட வண்டிக்கு உத்தரவாதம் தேடுவதில் பொருளில்லை. அந்தப் பேர் வேறொரு வேலையில் சம்பாதித்தது.

ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சென்னையிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் 1971 வரை செய்த வண்டி. இன்றும் தமிழ்நாட்டில் ஆசையோடு வைத்திருப்பவர்கள் பலர். இன்றைய கார்களைப்போல உடலும் சட்டமும் ஒன்றாகவே அமைந்த வண்டி அல்ல அது. தனிச் சேஸ், அதன்மேல் போல்ட் போட்டு உட்கார்த்திய பாடி. முன் மட்கார்டோடு சேர்ந்து பானட் மொத்தமும் முன்பக்கமாகத் தூக்கித் திறக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பவை பக்கவாட்டுக் கொக்கிகள். பின்னால் குறுக்கே போகும் ஒற்றை லீஃப் ஸ்பிரிங். சக்கரங்கள் அதோடு ஊசலாடும் அச்சில் நிற்கின்றன. புதுக் காரைக் கட்டுகிற கை இந்த வண்டியை எப்படிக் கட்டும்? பெல்ட் கொக்கியை மாட்ட வாகாக இருக்கும் முதல் இடத்தைத் தேடும். அது பம்பராக இருக்கும், அல்லது பாடியின் கீழ் விளிம்பாக இருக்கும். இரண்டும் இழுவையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

சேஸில் மாட்டி நன்றாக இறுக்கிவிட்டால் சரிதானே என்று கேட்கலாம். அதிலும் சிக்கல் இருக்கிறது. பாடியைக் கீழே இழுத்துக் கட்டினால் ஸ்பிரிங் அழுந்துகிறது. ஹெரால்டின் பின்சக்கரங்களில் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, அடிப்பக்கம் வெளியே விலகுகிறது. நெடுஞ்சாலையில் லாரி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் அழுந்த, பெல்ட் தளர்கிறது. அடுத்த நொடி வண்டி எழும்ப, தளர்ந்த பெல்ட் வெடுக்கென்று இழுக்கிறது. சென்னையிலிருந்து டெல்லி ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். வழியெல்லாம் இந்த வெடுக்கு. அறுபது வருடம் பார்த்த ஒரு பிராக்கெட் எத்தனை வெடுக்கைத் தாங்கும்? விஷயம் தெரிந்தவர் பாடியைத் தொடவே மாட்டார். டயரின் மேல் பெல்ட்டைச் சுற்றி லாரியின் தளத்தோடு கட்டுவார். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுப்பார். ஸ்பிரிங் தன் போக்கில் ஆடட்டும் என்று விட்டுவிடுவார். கம்பிச் சக்கரம் உள்ள வண்டியானால் கம்பிகளுக்கு இடையே கொக்கியை நுழைக்க மாட்டார். முதல் ஐம்பது, நூறு கிலோமீட்டரில் லாரியை ஓரங்கட்டி, பெல்ட்டை ஒருமுறை தட்டிப் பார்ப்பார். இந்த அறிவு எந்த லெட்டர்ஹெட்டிலும் இல்லை. ஒரு மனிதரிடம் இருக்கிறது, அல்லது இல்லை.

ஏற்றுவது அதற்கும் முந்திய ஆபத்து. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் பூட்டி விற்ற ஆஸ்டின் ஏ-40, இன்றைய வண்டிகளுக்கு நேர்மாறாக, பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியோடு இணைத்த வண்டி. 1950-களின் நடுப்பகுதி வரை வந்த செவர்லே, டாட்ஜ் போன்ற அமெரிக்க வண்டிகளில் 6 வோல்ட் பேட்டரி. கனரக லாரிகளிலோ பெரும்பாலும் 24 வோல்ட். யார்டில் கார் கிளம்பவில்லை என்றால் லோடிங் ஆள் என்ன செய்வார்? லாரி பேட்டரியிலிருந்து இரண்டு வயரை இழுத்துக் கொடுப்பார். அவர் மேல் தப்பில்லை. யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதுவும் சரிவராவிட்டால் வின்ச் போட்டு இழுப்பார்கள். கொக்கி மாட்டக் குனிந்து பார்த்தால் முன்னால் வாகாகத் தெரிவது ஸ்டியரிங் கம்பி. அதில் மாட்டி இழுத்தால் கம்பி வளையும். வண்டி ஊர் போய்ச் சேரும்போது வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. ஓட்டிப் பார்த்தால் ஒருபக்கமாக இழுக்கும். எங்கே நடந்தது என்று நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

இதையெல்லாம் சொன்னால், "அதுக்குத்தான் பெரிய கம்பெனி" என்று மறுபடி முதலுக்கே வருகிறார்கள். பெரிய கம்பெனியிடம் புக் செய்த வண்டி பெரிய கம்பெனியின் லாரியில்தான் போகும் என்று யார் சொன்னது? நம் நாட்டுச் சரக்குப் போக்குவரத்து நடக்கிற விதம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. புக்கிங் ஆபீஸ் ஒன்று, அதற்கு வேலை பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் ஒருவர், லாரி சொந்தக்காரர் இன்னொருவர், டிரைவர் வேறொருவர். கம்பெனியோடு 'அட்டாச்' ஆன வண்டி இருந்தால் அது. இல்லையென்றால் அன்றைக்கு மார்க்கெட்டில் கிடைக்கிற வண்டி. போதாததற்கு, பிரபலமான பெயர்களோடு ஒரு எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ பெயர் வைத்துக்கொண்டு, தொலைபேசி எண்ணும் வெப்சைட்டும் மட்டுமே சொத்தாகத் தொழில் நடத்துகிற பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பெயரை நம்பிப் போகிறவர்தான் அவர்களிடம் முதலில் மாட்டுகிறார்.

நேராகவே பெரிய இடத்துக்குப் போனாலும் உங்கள் வண்டி ஒற்றை வண்டி. ஆறு கார், எட்டு கார் ஏறும் கன்டெய்னரில் அது மிச்ச இடத்தை நிரப்புகிற சரக்கு. லோடு சேரும் வரை யார்டில் நிற்கும். வெயிலில் நிற்கும், சாவி வாட்ச்மேனிடம் தொங்கும், இடம் மாற்ற வேண்டும் என்று யாராவது ஏறி ஓட்டுவார்கள். அந்த லாரி ஐதராபாத் வரையோ நாக்பூர் வரையோதான் போகும் என்றால், அங்கே இறக்கி வேறு லாரியில் ஏற்றுவார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு தடவை ராம்ப், புதிதாக ஒரு கட்டு, புதிதாக ஓர் ஆள். ஆஸ்டினின் பானட் நுனியில் பறப்பதுபோல் நிற்கும் அந்த 'ஏ' சின்னம், ஹப் கேப்கள், பழைய ஜாக்கி, டூல் பை எல்லாம் காணாமல் போவது ஓடுகிற லாரியில் அல்ல, நிற்கிற யார்டில். ஆகவே நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி "உங்க கம்பெனி எத்தனை வருஷம்?" என்பதல்ல. "ஏத்தின லாரியிலேயே இறங்குமா? டிரைவர் பேர் என்ன? அவர்கிட்ட நான் பேசணும்." இந்த மூன்றுக்கும் நேரான பதில் வராத இடத்தில் நாற்பது வருடப் பாரம்பரியம் இருந்து என்ன பயன்?

அடுத்தது மூடிய கன்டெய்னர். மழை, தெறிக்கிற கல், வழியில் வேடிக்கை பார்க்கிற கைகள் ஆகியவற்றிலிருந்து அது காக்கிறது, மறுக்கவில்லை. மழைக்காலத்தில் நானும் அதையே சொல்வேன். ஆனால் மூடியிருப்பது என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. பெட்டிக்குள் நடப்பதை வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. தளர்ந்த பெல்ட் அடுத்த ஊர் வரை தளர்ந்தே போகும். திறந்த பிளாட்பெட் லாரியில் டிரைவர் கண்ணாடியில் பார்த்தாலே தெரிந்துவிடும். மே மாதத்தில் நாக்பூர் வழியாகப் போகும் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் சூட்டை நினைத்துப் பாருங்கள். பழைய வண்டிகளில் பெட்ரோல் டாங்க் மூடியிலேயே காற்றுத் துளை இருக்கும். கார்புரேட்டரில் கசிவும் இருக்கும். டாங்க்கை நிறைத்து அனுப்பினால் ஆவி பெட்டிக்குள் தேங்கும். விவரமான டிரைவர் ஏற்றுமுன்னே டாங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பார். பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்வார். இரண்டு தட்டுக் கன்டெய்னரில் மேல்தட்டில் நிற்கும் வண்டியிலிருந்து சொட்டும் ஆயிலும் பிரேக் ஆயிலும் கீழ்த்தட்டு வண்டியின் கூரையில்தான் விழும். பிரேக் ஆயில் பட்ட பெயின்ட் என்ன ஆகும் என்று மெக்கானிக் ஷெட் வாசலை மிதித்தவர்களுக்கெல்லாம் தெரியும். 1930-களின் கார்கள் பல, உயரத்தில் இன்றைய கார்களை மிஞ்சும். கீழ்த்தட்டில் கூரை இடிக்கிறதா என்று டேப் பிடித்து அளந்த பிறகே ஏற்ற வேண்டும்.

இதோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு யோசனை, "கவர் போட்டு அனுப்புங்க" என்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே தூசி புகுந்துவிடும். லாரியின் அதிர்விலும் காற்றிலும் அந்தத் துணி வழிநெடுக உப்புத்தாள்போலத் தேய்க்கும். பழைய செல்லுலோஸ் பெயின்ட் அதைத் தாங்காது. தூசியோடு போகட்டும், போன இடத்தில் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொள்ளலாம்.

இப்போது எல்லோரும் கடைசியாகச் சாய்ந்துகொள்ளும் தூண்: "இன்சூரன்ஸ் இருக்கே சார்." எனக்கு அதிகம் கோபம் வருவது இந்த இடத்தில்தான். சொல்கிறவர்களில் மிகச் சிலரே அந்தத் தாளைப் படித்திருக்கிறார்கள்.

பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் பில்லில் 'டிரான்சிட் இன்சூரன்ஸ்' என்றோ 'எஃப்.ஓ.வி.' என்றோ ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள். பல நேரம் அதற்குப் பின்னால் எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் கிடையாது. அவர்களே வசூலித்து அவர்களே வைத்துக்கொள்ளும் கட்டணம் அது. இன்சூரன்ஸ் என்றால் பாலிசி வேண்டும். அதில் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர், உங்கள் வண்டியின் சேஸ் எண், இன்ஜின் எண், நீங்கள் சொன்ன மதிப்பு எல்லாம் இருக்க வேண்டும். வண்டி ஏறுவதற்கு முன்பே கையில் வர வேண்டும். "அப்புறம் மெயில் பண்றோம்" என்பது பாலிசி அல்ல.

உண்மையான பாலிசியே வந்தாலும் வகை பார்க்க வேண்டும். உள்நாட்டுச் சரக்குக் காப்பீட்டில் 'ஏ' பிரிவு, 'பி' பிரிவு என்று உண்டு. 'ஏ' பிரிவு, விலக்கி வைத்த சிலவற்றைத் தவிர மற்ற எல்லா ஆபத்துகளுக்கும் பொறுப்பேற்கிறது. 'பி' பிரிவோ தீ, மின்னல், பாலம் உடைதல், லாரி மோதுதல் அல்லது கவிழ்தல் போன்று பெயர் சொல்லிக் குறித்த ஆபத்துகளுக்கு மட்டும்தான். பெல்ட் உரசிய மட்கார்டு, ராம்ப்பில் இடித்த சைலன்சர், வளைந்த ஸ்டியரிங் கம்பி, களவுபோன ஹப் கேப் ஒன்றுமே அதில் வராது. பழைய காருக்குப் போக்குவரத்தில் நேர்வதெல்லாம் பெரும்பாலும் இவைதான். லாரி கவிழ்வது அரிது, உரசல் சாதாரணம். அரிதான ஆபத்துக்குப் பாலிசி வாங்கிவிட்டுச் சாதாரண ஆபத்தைத் தலையில் சுமக்கிறோம்.

காரின் சொந்த பாலிசி இருக்கிறதே என்பவர்களுக்கும் ஒரு சொல். முழுப் பாதுகாப்புப் பாலிசியில் சாலை, ரயில் வழியாக வண்டியை எடுத்துச் செல்லும்போது நேரும் சேதமும் அடங்கும்; அது உண்மை. ஆனால் பழைய கார்களில் எத்தனைக்கு மூன்றாம் நபர் பாலிசியைத் தாண்டி எதுவும் இருக்கிறது? இருந்தாலும் ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டியின் மதிப்பு நீங்களும் இன்சூரன்ஸ் கம்பெனியும் பேசி முடிவு செய்வதுதான். பிரீமியம் குறையட்டும் என்று பல வருடங்களுக்கு முன்னால் எழுதிய தொகையே அப்படியே புதுப்பிக்கப்பட்டு வந்திருக்கும்.

இனி சட்டம். இந்தியாவில் 1865-ஆம் வருடத்துக் கேரியர்ஸ் சட்டத்துக்குப் பதிலாக 2007-ல் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இயற்றப்பட்டது. 2011-ல் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. அதில் நமக்கு நல்லது நிறைய இருக்கிறது. டிரான்ஸ்போர்ட்காரர் பதிவுச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். ஏஜென்ட்டும் புரோக்கரும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறார்கள். "நாங்க புக்கிங் மட்டும்தான்" என்று கை கழுவ முடியாது. சேதம் நேர்ந்தால் அவருடைய கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. லாரி ரசீதில் 'உரிமையாளர் பொறுப்பில்' என்று அச்சிட்டிருந்தாலும் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து டிரான்ஸ்போர்ட்காரர் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தின் கீழேயே 2000-ல் சொல்லிவிட்டது.

ஆனால் விதிகளில் ஒரு வரி இருக்கிறது. பழைய கார்க்காரர் ஒவ்வொருவரும் அதை மனப்பாடம் செய்ய வேண்டும். டிரான்ஸ்போர்ட்காரரின் பொறுப்பு, வாங்கிய வாடகையைப்போல் பத்து மடங்கு வரைதான். கணக்குப் போடுங்கள். வாடகை 50,000 ரூபாய் என்றால், உங்கள் வண்டி 30 லட்சம் பெறுவதானாலும், அவருடைய பொறுப்பு 5 லட்சத்தோடு நின்றுவிடும். பேரம் பேசி வாடகையில் 5,000 குறைத்தால், உங்களுக்கே தெரியாமல் அவருடைய பொறுப்பில் 50,000 குறைத்துக்கொடுத்துவிட்டீர்கள். இந்த வரம்பை நீக்க வழி இருக்கிறது: சரக்கு அனுப்பும் படிவத்தில் உண்மையான மதிப்பை எழுதி, கூடுதல் பொறுப்புக்கான கட்டணத்தைத் தர எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் படிவத்தில் வண்டியின் மதிப்புக்கு எதிரே ஏதோ ஒரு சின்னத் தொகையைப் போட்டுவிடுவது இங்கே வழக்கம். "அது சும்மா ஃபார்மாலிட்டி சார்" என்பார்கள். அந்த ஃபார்மாலிட்டிதான் நாளை நீதிமன்றத்தில் உங்கள் வண்டியின் விலை.

இன்னொன்று: சேதத்தைப் பற்றிய எழுத்து மூலமான அறிவிப்பை, சரக்கைப் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் டிரான்ஸ்போர்ட்காரருக்குக் கொடுத்திருக்க வேண்டும். வண்டி வந்து சேர்ந்த நாளிலிருந்து அல்ல. "பாத்துக்கலாம் சார், முடிச்சுக் குடுத்துடறோம்" என்று மாதக்கணக்கில் போனில் பேசிப் பேசியே அந்தக் கெடு ஓடிவிடும். ரசீதின் அடியில் 'டெல்லி நீதிமன்ற எல்லைக்கு மட்டும் உட்பட்டது' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்காகச் சேவை பெற்றவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம்.

இவற்றையெல்லாம் ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், பெரிய பெயர் இதில் எங்கேயும் நுழையவில்லை என்பதைக் காட்டத்தான். பத்து மடங்கு வரம்பு பெரிய கம்பெனிக்கும் ஒன்றே, ஒற்றை லாரி வைத்திருப்பவருக்கும் ஒன்றே. மாறுவது தாளில் நீங்கள் எழுதுகிற மதிப்பும், நீங்கள் எடுத்து வைக்கிற படங்களும்தான். ஏற்றுமுன் வண்டியைச் சுற்றிலும், அடியிலும், டேஷ்போர்டிலும் படம் எடுத்து, மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைக் குறித்து, டிரைவரும் நீங்களும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள், நாளிதழில் வரும் முழுப்பக்க விளம்பரத்தைவிட உங்களுக்கு உதவும். இறக்கும்போதும் அப்படியே. இரவு பதினோரு மணிக்கு வந்து "சீக்கிரம் சைன் பண்ணுங்க சார், அடுத்த டெலிவரி இருக்கு" என்றால் சைன் போடக் கூடாது. விடியட்டும். வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்து, கண்டதை ரசீதிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

'கூடப் பணம் கொடுத்தால் கூடக் கவனம்' என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை. வாடகையை முடிவு செய்வது கவனம் அல்ல. லாரி திரும்பி வரும்போது லோடு இருக்கிறதா, எத்தனை ஏஜென்ட் கை மாறுகிறது, எந்தச் சீசன் என்பவைதான். நீங்கள் கூடுதலாகக் கொடுத்த பணம் நடுவில் இருக்கும் ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் தங்கி, பெல்ட் கட்டுகிற கைக்கு ஒன்றும் எட்டாமல் போவது சகஜம். கூடுதல் பணம் கொடுக்க மனமிருந்தால், எதற்குக் கொடுக்கிறோம் என்று சொல்லிக் கொடுங்கள்: லாரி மாற்றாமல் போவதற்கு, இரவில் ஓட்டாமல் நிறுத்துவதற்கு, டயரில் கட்டும் பெல்ட் செட்டுக்கு.

இந்த விவாதத்தில் மறுகோடியிலிருந்தும் ஒரு குரல் வரும்: "ஓடறதுக்குத்தானே கார்? ஓட்டிக்கிட்டே போங்க." சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு நிச்சயம் ஓட்டிக்கொண்டு போகலாம், போக வேண்டும். டிரம் பிரேக்கோடு டெல்லி வரை போவது வேறு. 2021-ல் வந்த விதிப்படி 'வி.ஏ.' எழுத்தோடு விண்டேஜ் பதிவு வாங்கிய, 50 வயதைக் கடந்த வண்டிகளைக் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுதல் போன்ற காரணங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயணத்துக்கு அனுமதி இல்லை. உடலும் நாளும் இருந்து ஓட்டிப் போகிறவர்களை நான் வணங்குகிறேன். மற்றவர்களுக்கு லாரிதான் வழி.

கடைசியாக வரும் ஆட்சேபம் நியாயமானது. "இத்தனை கேள்வி கேட்டா எந்த டிரான்ஸ்போர்ட்காரரும் வண்டியை எடுக்க மாட்டார்." சிலர் எடுக்க மாட்டார்கள்தான். அவர்கள் எடுக்காமல் இருப்பதே உங்கள் காருக்கு நல்லது. விலகுவது அவர்களின் நேர்மையும்கூட. ஆனால் கேள்வி கேட்டதும் முகம் மலர்கிற ஆட்களும் இருக்கிறார்கள். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரித் தொழிலில் ஊறிய டிரைவர்களிடமும், ஒரே ஒரு பிளாட்பெட் வைத்துக்கொண்டு ரெக்கவரி வேலை பார்ப்பவர்களிடமும் பேசிப் பாருங்கள். "சோக் எங்க இருக்கு? ஹேண்ட் பிரேக் புடிக்குமா? கொக்கி எங்க மாட்டலாம், நீங்களே காட்டுங்க" என்று உங்களைத் திருப்பிக் கேட்பார்கள். திருப்பிக் கேட்கிற ஆள்தான் நீங்கள் தேடுகிற ஆள். அவரிடம் சொந்தப் பெயரில் பதிவும் தாளும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் பாலிசியை நீங்களே நேராக ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில், 'ஏ' பிரிவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தனி ஆளாக இதையெல்லாம் செய்வது கஷ்டம். ஆனால் கார் கிளப்புகள் எதற்கு இருக்கின்றன? குளிர்காலத்தில் வடக்கே ஒரு பெரிய நிகழ்ச்சி என்றால் சென்னை, கோவை, பெங்களூருவிலிருந்து பல வண்டிகள் போகின்றன. ஆளுக்கு ஒரு இடத்தில், ஆளுக்கு ஒரு விலையில், மிச்ச இடம் நிரப்பும் சரக்காகப் போகின்றன. சேர்ந்து ஒரு லாரியை முழுசாக எடுத்தால் யார்டில் காத்திருப்பு இல்லை, வழியில் லாரி மாற்றம் இல்லை. ஒரு மெக்கானிக்கைக் கூடவே அனுப்பலாம். ஒவ்வொரு வண்டிக்கும் தனி ரசீது, தனி மதிப்பு எழுதலாம். கார் கம்பெனிக்கு இருக்கிற பேரம் பேசும் பலத்தில் கொஞ்சமாவது நமக்கும் வரும். கிளப் ஒவ்வொன்றும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளட்டும்: எந்த டிரைவர், எந்த லாரி, எந்த வண்டியை எப்படிக் கட்டினார், என்ன நேர்ந்தது, நஷ்டத்தைக் கொடுத்தாரா. டிரைவரின் சம்மதத்தோடு அவருடைய எண்ணும் அதில் இருக்கட்டும். அடுத்த முறை யாராவது "யார்கிட்ட குடுக்கலாம்?" என்று கேட்டால், அந்த நோட்டைத் திறந்து ஒரு மனிதரின் பெயரைச் சொல்லலாம்.